மாரிக்கால உள்ளானும் மோப்ப நாயும்

வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும் வேளையில், புத்தளம் களப்பின் சேற்றுக் கரைகளும் சிலாபம் வரையுள்ள குளங்களும் வயல்களும் தூரதேசத்து விருந்தினரால் நிறைந்து விடுகின்றன. அவர்களுள் ஒருவர் ஊசிவால் உள்ளான். சைபீரியாவின் ஈரநிலங்களிற் பிறந்து, புரட்டாதி மாதமளவில் இலங்கையை அடைந்து, சித்திரையோடு திரும்பிவிடும் சிறு பறவை அது. உடம்பின் கபில நிறமும் வைக்கோற் கோடுகளும் அறுவடை வயலோடு ஒன்றிப்போவதால், மிதிபடும் தூரத்தில் அது பதுங்கியிருந்தாலும் கண்ணுக்குப் புலப்படாது. நீண்ட அலகைச் சேற்றுள் அமிழ்த்தி, அலகின் நுனியை மட்டும் திறந்து புழுவைப் பற்றும் வல்லமை அதற்கு உண்டு.

காலடியில் திடீரென எழுந்து கோணல்மாணலாகப் பறக்கும் உள்ளான் இனத்தைச் சுட்டு வீழ்த்துதல் எளிதன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையினர் இதனையே ஒரு பொழுதுபோக்காகக் கொண்டனர். ஆங்கிலத்தில் உள்ளானுக்கு ‘ஸ்னைப்’ என்று பெயர். மறைந்திருந்து குறிதவறாது சுடுபவனை இன்று உலகம் ‘ஸ்னைப்பர்’ என்று அழைப்பது அந்தப் பொழுதுபோக்கின் எச்சமே. போர்க்களத்துச் சொல்லொன்றுக்கு இச்சிறு பறவை மூலமாயிற்று என்பது வேடிக்கைதான்.

கண்ணுக்குத் தெரியாத பறவையைக் கண்டறிய மேனாட்டார் நம்பியது நாயின் மூக்கை. நம் கிராமத்து வேட்டை நாய் முயலையும் பன்றியையும் துரத்திப் பிடிப்பது. ‘பொயின்டர்’ எனும் நாயோ துரத்துவதில்லை. பறவையின் மணம் மூக்கில் பட்டதும் முன்காலொன்றைத் தூக்கியபடி, அத்திசையை நோக்கிச் சிலைபோல் நின்றுவிடும். ‘செட்டர்’ எனும் நாய் அவ்விடத்திலேயே தாழ்ந்து பதுங்கும். பாய்வதற்கு முன் ஒருகணம் தயங்கி நிற்பது வேட்டை விலங்குகளின் இயல்பு. அந்த ஒருகணத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்து, நிமிடக்கணக்காக நீட்டிவிட்டனர் மனிதர்.

இத்திறனைச் சோதிக்கும் முதற் களப்போட்டி 1865 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பெட்போர்ட்ஷயர் பகுதியிலுள்ள சவுத்ஹில் என்னுமிடத்தில் நடைபெற்றது. அமெரிக்காவில் காடைகளை நாடும் நாய்களுக்கான தேசியப் போட்டி 1896 இல் தொடங்கியது. அது குளிர்காலத்துக்கு உரியது. நாய்களை இரண்டிரண்டாக அவிழ்த்து விடுவார்கள். நல்ல நாய் காற்றை எதிர்கொண்டு, இடமும் வலமுமாக வயலை அளந்து ஓடும். ஏனெனில் மணத்தைச் சுமந்து வருவது காற்றே. காற்றின் திசையிலேயே ஓடும் நாய் பறவையை மிதித்த பின்னரே அறியும். ஒரு நாய் நின்றால், அதனைக் கண்ட மற்ற நாயும் நிற்க வேண்டும். பறவை எழும்போது துரத்தினால் தோல்வி. பறவையைக் கொல்லாமலே நடத்தப்பெறும் போட்டிகளும் பல உண்டு. ஓட்டத்தின் வேகத்தைவிட அடக்கத்துக்கே இங்கு மதிப்பு அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இம்முறை புத்தளத்து நிலத்துக்கு எளிதிற் பொருந்துவதன்று. முழங்காலளவு சேறும், காலை ஒன்பது மணிக்கே ஏறும் வெயிலும், குளங்களிலுள்ள முதலையும் இடர் செய்யும். அதனினும் முக்கியமாக, பறவைகளின் நிலையே மாறிவிட்டது. சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே தொடர் குளங்களாக அமைந்த ஆனைவிழுந்தான் 1997 இல் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பெற்றது. 2001 இல் ராம்சார் சாசனத்தின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பெற்றது. அதன் பரப்பு 1,397 ஹெக்டேயர். ஆயினும் துப்பாக்கி ஓய்ந்த இடத்தில் வேறோர் ஆபத்து புகுந்தது. 1980களிலிருந்து இக்கரையிற் பெருகிய இறால் பண்ணைகள் கண்டற்காடுகளையும் சேற்றுத்தரைகளையும் விழுங்கின. வெண்புள்ளி நோய் பரவியபின் பல பண்ணைகள் கைவிடப்பட்டன. அழிந்த கண்டலோ உடனே திரும்பி வரவில்லை. சரணாலயத்துக்குள்ளேயே 2020 இல் கண்டல் வெட்டப்பட்டது பெருஞ் செய்தியாயிற்று. சுடப்பட்ட உள்ளானுக்குப் பதிலாக அடுத்த ஆண்டு வேறொன்று வரக்கூடும். சேறு போன இடத்துக்கு எதுவும் வராது.

இன்று மாரிக்காலத்தில் இக்கரைக்கு வருவோர் கையில் இருப்பது தொலைநோக்கி. 1987 இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் தை மாதமளவில் நடைபெறுகிறது. இலங்கையில் அதனை ஒருங்கிணைப்பது 1943 இல் நிறுவப்பெற்ற இலங்கைப் பறவைக் கழகம். கொசு உள்ளானையும் ஆலாவையும், இக்கரையின் குதிரைமலை முனையைத் தன் பெயரில் நினைவூட்டும் குதிரைமலைக் கோட்டானையும் எண்ணிக் குறிப்பது ஓரளவு எளிது. அவை திறந்த வெளியில் மேய்வன. ஊசிவால் உள்ளானை எண்ணுவதுதான் கடினம். பொயின்டர் நாயின் மூக்கு இல்லாத கணக்காளர், வரப்பில் நடந்து அது தானே எழும்வரை காத்திருக்க வேண்டியுள்ளது.