ஈய மணலும் இலேசான கவசமும்

பேரா மாநிலத்துக் கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈய மணலைக் கழுவிப் பிரித்தபின் எஞ்சும் கரிய கனமணலுக்கு மலாய் மொழியில் ‘அமாங்’ என்று பெயர். பத்து காஜாவை அடுத்த தஞ்சோங் துவாலாங்கில் 1982 வரை மிதந்தபடியே மண்ணை வாரிய பெருங்கப்பல் ஈயத்தோடு இம்மணலையும் சேர்த்தே வாரியது. அதில் மிகுந்திருப்பது இல்மனைட். இரும்பும் டைட்டானியமும் பிராணவாயுவுடன் கூடிய கனிமம்.

டைட்டானியம் அரிய உலோகம் என்று கருதுவது பிழை. புவியோட்டின் தனிமங்களுள் அளவில் அதற்கு ஒன்பதாம் இடம். 1791ஆம் ஆண்டில் வில்லியம் கிரகர் என்னும் பாதிரியார் அதனை முதலில் கண்டதும் ஓடையோரக் கரிமணலில்தான். அவர் வாழ்ந்த கார்ன்வாலும் ஈயத்திற்குப் பேர்போன நாடே.

பின் ஏன் இவ்வளவு விலை? கரியிட்டு உருக்கினால் இரும்பு பிரிந்து வரும். டைட்டானியமோ கரியுடனேயே கூடிவிடும். காய்ந்த நிலையில் காற்றுப் பட்டாலும் பிராணவாயுவையும் நைட்ரஜனையும் உறிஞ்சி நொறுங்கும் தன்மை பெறும். ரப்பர்ப் பால் உறைந்துவிடாதிருக்க அமோனியா கலப்பதைத் தோட்டத்து மக்கள் அறிவர். இங்கோ காவல் அதனினும் கடுமையானது. வில்லியம் குரோல் வகுத்த முறையில், கனிமத்தைக் குளோரின் வாயுவால் நீர்மமாக்கி வடித்து, ஆர்கான் வாயு நிறைந்த மூடிய கலத்தில் மெக்னீசியத்துடன் வினைபுரியச் செய்கின்றனர். ஒரு கலம் முடியப் பல நாள்கள் ஆகும். கிடைப்பது கடற்பஞ்சு போன்ற கட்டி. அதனை உடைத்து, வெற்றிடத்தில் பெரும்பாலும் இருமுறை உருக்கவேண்டும். மணல் மலிவு, வேலையே விலை.

எஃகின் அடர்த்தி 7.85, டைட்டானியக் கலவையினது ஏறத்தாழ 4.4. ஒரே அளவு காப்பிற்குக் கவச எஃகைவிட மூன்றில் ஒரு பங்கு எடை குறையும் என்பர். வண்டியின் எடை குறைந்தால் பாலம் தாங்கும்; விமானத்திலும் ஏற்றலாம். ஆயினும் 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் சேர்ந்த விமானக் கலவையை அத்தனைத் தூய்மையுடன் கவசத்திற்கும் கேட்பது வீண் செலவன்றோ? எனவே அறிஞர் சில கட்டுகளைத் தளர்த்தினர். விமானத்திற்கு 0.2 விழுக்காட்டளவில் நிறுத்தப்படும் பிராணவாயுவைக் கவசத்தில் 0.3 வரை ஏற்றனர். விலைமிக்க வனேடியத்தில் ஒரு பகுதிக்கு ஈடாக இரும்பைச் சேர்த்தனர். உலோகக் கழிவுகளையும் கூட்டி, எலக்ட்ரான் கற்றையால் ஒரே முறை உருக்கினர். இச்சிக்கனத்திற்கும் எல்லை உண்டு: பிராணவாயு மிகுந்தால் தகடு குண்டடியில் வெடிக்கும், பின்புறத்திலிருந்து சில்லுகள் தெறித்து உள்ளிருப்போரையே தாக்கும்.

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் இல்மனைட் மணல் உண்டு. கேரளத்துச் சவறாவில், ஐதராபாத் பாதுகாப்பு உலோக ஆய்வுக்கூடம் வகுத்த முறையில், ஆண்டிற்கு 500 டன் பஞ்சு உலோகம் செய்யவல்ல ஆலை 2011இல் திறக்கப்பெற்றது.

பேராவின் அமாங்கில் வேறொரு பொருளும் உண்டு. மோனசைட் என்னும் அக்கனிமத்தில் கதிரியக்கமுள்ள தோரியம் கலந்திருக்கிறது. அதிலிருந்து அருமண் பொருள்களைப் பிரிக்க ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் 1982இல் எழுந்த ஆலையை எதிர்த்து ஊர் மக்கள் 1985இல் வழக்குத் தொடுத்தனர். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்த்தது; மறு ஆண்டில் மேல்நீதிமன்றம் அதனை மாற்றியது. எனினும் 1994இல் ஆலை மூடப்பட்டது. இல்மனைட்டைப் பிரிக்கும் கொட்டகைகளிலும் காந்தத்தின் முன் பறக்கும் தூசியில் இம்மோனசைட் கலந்தே இருக்கும். மலிவான கவசத்திற்குக் கணக்குப் பார்ப்போர் அத்தூசியை அடக்கும் செலவையும் மணலின் விலையோடு சேர்த்தெழுத வேண்டியிருக்கிறது.