சரக்கின் பிறப்புச் சான்று

நம் இல்லத்து அஞ்சறைப் பெட்டியிலுள்ள கிராம்பும் மிளகும் இலங்கையில் விளைந்தவையாக இருக்கலாம். அத்தகைய சரக்கு நம் துறைமுகத்தை அடைந்ததும் சுங்க அதிகாரி எழுப்பும் வினாக்களுள் ஒன்று, 'இது எந்நாட்டில் பிறந்தது?' என்பதாகும். அதன் விடையைப் பொறுத்தே தீர்வை கூடும் அல்லது குறையும்.

இந்தியாவும் இலங்கையும் 1998 டிசம்பர் 28-இல் தடையற்ற வாணிப உடன்படிக்கை செய்துகொண்டன. 2000 மார்ச் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி தீர்வைச் சலுகை பெறத் தோற்றச் சான்றிதழ் வேண்டும். அயல்நாட்டு மூலப்பொருளால் செய்த பண்டமாயின், அதன் ஏற்றுமதி மதிப்பில் குறைந்தது 35 விழுக்காடு ஏற்றுமதி செய்யும் நாட்டிலேயே சேர்ந்திருத்தல் வேண்டும். இலங்கை ஆலை இந்திய மூலப்பொருளைப் பயன்படுத்தினால், அங்கே 25 விழுக்காடு சேர்ந்து, இரண்டும் கூடி 35 ஆனால் போதும்.

இத்தனை கட்டுப்பாடு எதற்கு? வனஸ்பதியின் வரலாறே விடை கூறும். பாமாயிலை இலங்கைக்குக் குறைந்த தீர்வையில் கொணர்ந்து, வனஸ்பதியாக்கி, இந்தியாவுக்கு அனுப்பும் ஆலைகள் அங்கே பெருகின. பாமாயிலுக்கு உயர்ந்த தீர்வை செலுத்திய நம் ஆலைகள் போட்டியிட இயலாமல் முறையிட்டன. 2006-இல் ஆண்டுக்கு 2,50,000 டன் என இந்தியா வரம்பு கட்டிற்று. பின்னர் அங்குள்ள ஆலைகள் நலிந்தன. இரு கரையிலும் தொழிலாளர் பிழைப்பே ஊசலாடியது.

ஆகவே சோதனை தேவைதான். ஆனால் அதன் சுமை யார் தலையில் விழுகிறது என்பதையும் எண்ண வேண்டும். 2020 செப்டம்பர் 21 முதல், சலுகை கோரும் இறக்குமதியாளர், சான்றிதழோடு, பண்டம் உருவான விவரங்களையும் தம்மிடம் வைத்திருக்க வேண்டும். பெரிய நிறுவனத்துக்கு அதற்கெனக் கணக்கர் உண்டு. சிறு வணிகருக்கோ, ஐயம் தீரும்வரை சரக்கு தேங்கினால் கிடங்கு வாடகை ஏறும். இதற்கு அஞ்சி முழுத் தீர்வையையே செலுத்திவிடுவாரும் உளர். அவருக்கு உடன்படிக்கை ஏட்டுச் சுரைக்காயே.

வழி இல்லாமல் இல்லை. உலக வாணிப அமைப்பின் வாணிப எளிமை உடன்படிக்கை 2017 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்தது. சரக்கு வருமுன்பே அதன் வகையையும் தோற்றத்தையும் குறித்துச் சுங்கத்தாரின் முடிவைக் கேட்டுப் பெறும் உரிமையை அது வற்புறுத்துகிறது. இந்தியாவில் அதற்கான அதிகார அமைப்புகள் டில்லியிலும் மும்பையிலும் உள்ளன. இந்திய ஏற்றுமதியாளர் தோற்றச் சான்றிதழுக்கு மின்னணு வழியில் விண்ணப்பிக்கவும் இயலும்.

இனி வேண்டுவது, ஒரு நாடு வழங்கிய சான்றை மறுநாட்டுச் சுங்கத்தார் நேரே சரிபார்க்கும் ஏற்பாடு. வாணிபத்தில் ஈடுபட்டுள்ள நம் அன்பர்களும், சரக்குக்கு முன்பணம் அனுப்புமுன் அதன் பிறப்பை விசாரித்துத் தெளிதல் நலம்.