வேலிகாத்தானை வெட்டிய பிறகு

கறுப்புப் பெட்டை பதினோரு குஞ்சு பொரித்தது. நாலே நாளில் ஏழாகிவிட்டது. இறகு கிடக்கவில்லை, ரத்தமும் இல்லை. "கீரிப்புள்ள வேலை" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். என் ஆயா ஒப்பவில்லை. "கீரின்னா தடம் வுடும்டி. மேல பாரு" என்றாள். உப்பளத்துக்கு மேலே பருந்து ஒன்று இறக்கை அசையாமல் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

தப்பு எங்களுடையதுதான். வீட்டுக்குப் பின்னால் மண்டிக் கிடந்த வேலிகாத்தானை, கீரி ஒளியும் இடம் என்று சொல்லி, முந்தின மாசம்தான் வேரோடு பிடுங்கினோம். தெற்கே சீமைக்கருவேலம் என்பார்களே, அதுதான். வெட்டியதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் எங்கள் ஊர் மரக்காணத்தில் உப்புப் பாத்திப் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் நிழல் கிடையாது. மேலே பருந்து வந்தால் தாய்க்கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு புகுந்துகொள்ள இருந்த ஒரே இடம் அந்த முள்ளடி. பெயருக்கு ஏற்ற வேலையைத்தான் அது செய்துவந்திருக்கிறது.

இப்போது சுவரோரமாக முழங்கால் உயரத்துக்குப் பனமட்டைகளைச் சாய்த்து வைத்திருக்கிறோம். குஞ்சு நுழையும், பருந்து பாய முடியாது. முற்றத்துக்கு மேலே எக்கியார்குப்பத்து மீனவர்களிடம் கேட்டு வாங்கிய பழைய மீன்வலை. கம்பிவலை போடலாமே என்பவர்கள் இந்த ஊர் உப்புக்காற்றை அறியாதவர்கள். நாங்களும் போட்டோம். இரண்டாம் மழைக்காலத்துக்குள் அடிப்பக்கம் துருவேறி, கையால் பிய்த்தால் வந்தது. அந்தக் கிழிசலில்தான் ஒருநாள் நாய் புகுந்து ஆறு கோழியைக் கடித்துப் போட்டுவிட்டுப் போனது. ஒன்றைக்கூடத் தின்னவில்லை.

யார் வந்தது என்று கண்டுபிடித்த பிறகுதான் கதவைப் பற்றி யோசிக்க வேண்டும். முட்டை ஓட்டுத்துண்டுகூட இல்லாமல் காணாமல் போனால் பெரும்பாலும் பாம்பு. அது முழுசாக விழுங்கிவிடும். கீரி முட்டையை உடைத்துத் தின்னும். சில்லு சிதறிக் கிடக்கும். அது பகலில் திரிவது. ராத்திரி பறிபோனால் கீரியைத் திட்டுவது வீண், மரநாயோ காட்டுப்பூனையோதான். கூட்டுக்கு அடியில் பொந்து, குஞ்சின் காலில் கடி என்றால் பெருச்சாளி. அடைத்த கூட்டுக்குள் புகுந்த மிருகம் சில சமயம் எல்லாவற்றையும் கொன்றுவிடும். அதைப் பேராசை என்பார்கள். இரை ஓட வழியில்லாமல் கண்ணெதிரே படபடத்துக்கொண்டே இருந்தால் கொல்கிற வேகம் அடங்காது, அவ்வளவுதான்.

எங்கள் காட்டுப்பூனைக் கதை கொஞ்சம் வெட்கக்கேடு. உப்பள வேலைக்கு விடியுமுன் கிளம்ப வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாது. அம்மா நாலு மணிக்கு, போகிற போக்கில் கூட்டைத் திறந்துவிட்டுப் போவாள். இருட்டில் முதலில் இறங்கும் பெட்டைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. பூட்டை மாற்றினோம், பலகையை மாற்றினோம். கடைசியில் மாற்ற வேண்டியிருந்தது நேரத்தை. இப்போது ஆயா எழுந்து, தரை தெளிவாகத் தெரிந்த பிறகு திறக்கிறாள். அதோடு நின்றுவிட்டது.

இந்தப் பக்கம் மிருகம் வருவதில் ஆச்சரியம் இல்லை. கழுவெளி பக்கத்திலேயே இருக்கிறது. ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட சதுப்பு; 2021இல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2024இல் சர்வதேச ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கோழிக்காக அதன் மிருகங்களைக் கொல்ல முடியாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் கீரியையும் காட்டுப்பூனையையும் பாதுகாக்கிறது. முட்டைக்குள் பூச்சிமருந்து வைப்பவர்களுக்குச் சட்டம் போகட்டும், அதைத் தின்பது தன் வீட்டு நாயாகவே இருக்கலாம் என்பதாவது உறைக்க வேண்டும்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. தாழ்ந்த இடமெல்லாம் வெள்ளம். எலி, பாம்பு எல்லாம் எங்கள் மேட்டுக்கு வந்துவிட்டன. வலையைத் தரைவரை தொங்கவிட்டிருந்தோம். அதில் ஆளுயரச் சாரை ஒன்று சிக்கி முறுக்கிக்கொண்டு கிடந்தது. அடிக்கக் கம்பு எடுத்த தம்பியை ஆயா தடுத்தாள். "எலியை யார் புடிப்பா, உங்கப்பனா?" தலையைச் சாக்கால் மூடி, பிளேடால் நூலை அறுத்துவிட்டோம். அதிலிருந்து வலையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து ஒரு முழம் மேலேதான் நிற்கும். அதற்குக் கீழே பலகை. கூட்டுச் சுவரைச் சுற்றி வெளிப்பக்கம் ஒன்றரை அடி அகலத்துக்குக் கருங்கல் பாவியிருக்கிறோம். தோண்டுகிற மிருகம் சுவரடியில்தான் ஆரம்பிக்கும், கல் தட்டுப்பட்டால் போய்விடும்.

இத்தனைக்கும் மேல் ஒரு காவலாள் இருக்கிறார்: சேவல். வானத்து ஆபத்துக்கு மெலிதாக நீண்ட ஒரு குரல். தரையில் நாயோ பூனையோ வந்தால் 'கொக் கொக் கொக்கேக்' என்று வெட்டி வெட்டி வேறு குரல். ஆராய்ச்சியாளர்களும் இந்த இரண்டையும் பிரித்துக் கேட்டிருக்கிறார்கள். பக்கத்தில் பெட்டை இருந்தால்தான் சேவல் பருந்துக்குக் குரல் கொடுப்பது அதிகம், தனியாக இருந்தால் குறைவு என்றும் கண்டிருக்கிறார்கள். ஆயாவிடம் சொன்னேன். "இதுக்குப் படிக்கணுமாடி?" என்று சிரித்துக்கொண்டே பஞ்சாரத்தைக் கவிழ்க்கப் போனாள்.