மிகைநேர ஊதியமும் சேமநிதியும்

கணினித் துறையில் இரவு பத்து மணிவரை உழைக்கும் நம் பிள்ளைகள் சிலர், மிகைநேர ஊதியத்தை நம்பிக் கார் கடன் வாங்கிவிடுகிறார்கள். அந்தக் கணக்கைச் சற்றுப் பார்ப்போம்.

தீபகற்ப மலேசியாவில் மாதம் 2,600 ரிங்கிட் பெறுபவரின் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 100 ரிங்கிட். எட்டு மணி நேர வேலையென்றால், மணிக்கு 12.50. சாதாரண நாளின் மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 18.75 ரிங்கிட். 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் பெறுபவர்களுக்குச் சட்டம் இதை உறுதி செய்யவில்லை. சம்பளம் உயர்ந்த மகிழ்ச்சியில் இதை நாம் கவனிப்பதில்லை.

மிகைநேர ஊதியத்தில் ஊழியர் சேமநிதியும் பிடிப்பதில்லை; முதலாளியும் தம் பங்கைச் செலுத்த வேண்டியதில்லை. சேமநிதிப் பிடித்தமின்றிப் பணம் கைக்கு வருகிறது, அதிலிருந்து முதுமைக்கோ ஒரு காசும் சேரவில்லை. அதில் ஒரு பகுதியை நாமே விரும்பிச் சேமநிதியில் செலுத்தலாம். வாரியம் அதற்கு இடமளிக்கிறது.