தாத்தாவுக்கு நாற்காலி போடாதீர்கள்!

"மாமா, நீங்கள் ஏன் எழுந்திருக்கிறீர்கள்? தண்ணீர்தானே? நான் கொண்டுவந்து தருகிறேன்."

"அத்தை, கோலத்தை நான் போட்டுக்கொள்கிறேன். நீங்கள் சும்மா உட்காருங்கள்."

இப்படிச் சொல்லுகிற மருமகளை ஊரே மெச்சும். மெச்ச வேண்டியதுதான். ஆனால், இந்த அன்பில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

எழுந்து நடக்காத காலில் சதை வற்றும். சதை வற்றினால் பலம் போகும். இன்று தண்ணீர் மொள்ள எழுந்திருக்காதவர், சில மாதம் போனால் எழுந்திருக்க நினைத்தாலும் தடுமாறுவார். "வயதாகிவிட்டது, வேறென்ன?" என்று வீட்டார் பெருமூச்சு விடுவார்கள். பழி முழுவதும் வயதின் தலையில் விழும். நாற்காலிக்கும் அதில் பங்கு உண்டு என்பதை யாரும் நினைப்பதில்லை.

5 வாலிபர்கள்

1966-ம் ஆண்டு, அமெரிக்காவில் டல்லாஸ் நகரில் டாக்டர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். நோய் நொடி இல்லாத 5 வாலிபர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோருக்கும் வயது 20-ஐ ஒட்டித்தான்.

வாலிபர்களுக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? 3 வாரம் படுக்கையிலேயே கிடக்க வேண்டும். அவ்வளவுதான்! சும்மா படுத்திருப்பது யாருக்குக் கசக்கும்?

3 வாரம் முடிந்தது. வாலிபர்களின் உடலைச் சோதித்தார்கள். கடுமையாக உழைக்கும்போது உடம்பு பிராணவாயுவைப் பயன்படுத்துகிற சக்தி, கால் பங்குக்கு மேல் குறைந்துபோயிருந்தது.

கதை அதோடு முடியவில்லை. 30 ஆண்டு கழித்து, 1996-ம் ஆண்டில், அதே 5 பேரையும் டாக்டர்கள் மீண்டும் சோதித்தார்கள். இப்போது அவர்களுக்கு வயது 50. தொந்தி விழுந்து, எடை கூடியிருந்தது.

முடிவைப் பார்த்து டாக்டர்களே வியந்தார்கள். 30 ஆண்டு மூப்பு செய்த சேதத்தைவிட, 20 வயதில் 3 வாரப் படுக்கை செய்த சேதம்தான் அதிகமாக இருந்தது!

பிறகு அந்த 5 பேருக்கும் 6 மாதம் பயிற்சி கொடுத்தார்கள். நடை, மெதுவான ஓட்டம், நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள். 30 ஆண்டில் இழந்த சக்தி திரும்பி வந்தது.

20 வயதுப் பிள்ளைகளையே படுக்கை இப்படிச் செய்தது என்றால், 75 வயதுப் பெரியவரை என்ன செய்யும்? முதியவர்களுக்குச் சதை விரைவில் கரையும். கரைந்த சதை திரும்பி வரவும் நாளாகும். காய்ச்சல் என்று 10 நாள் படுத்த பாட்டி, காய்ச்சல் விட்ட பிறகும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பது இதனால்தான்.

90 வயதில் பலம்

"50 வயதுக்காரருக்குப் பலம் திரும்பலாம். தள்ளாத கிழவருக்குத் திரும்புமா?" என்று கேட்கலாம்.

நல்ல கேள்வி. இதற்கு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் விடை கிடைத்தது. டாக்டர் மரியா ஃபியாட்டரோன் என்ற பெண்மணியும் அவருடன் பணி செய்தவர்களும், முதியோர் இல்லத்தில் இருந்த 10 பேருக்குக் கால் பயிற்சி கொடுத்தார்கள். பயில்வான்கள் அல்ல, தளர்ந்துபோனவர்கள். அவர்களுடைய சராசரி வயது 90!

உட்கார்ந்தபடி, காலில் எடையைத் தாங்கி, முழங்காலை நீட்டி மடக்க வேண்டும். வாரத்துக்கு 3 நாள். மொத்தம் 8 வாரம். எடையும் சாதாரண எடை அல்ல. ஒருவர் தம் முழுப் பலத்தையும் கூட்டி ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய எடையில் 10-ல் 8 பங்கு. அந்த அளவுக்குப் படிப்படியாக ஏற்றினார்கள்.

9 பேர் பயிற்சியை முடித்தார்கள். அவர்களுடைய கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. அதாவது, முன்பு 10 கிலோ தூக்கிய கால் 27 கிலோ தூக்கியது! தொடைச் சதையும் பருத்தது. கைத்தடி ஊன்றி நடந்தவர்களில் 2 பேர் தடியை வைத்துவிட்டு நடந்தார்கள்.

இந்த விவரம் 1990-ம் ஆண்டில் மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது. கூடவே இன்னொரு செய்தியும் வந்தது. பயிற்சியை நிறுத்திய 4 வாரத்தில், பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. காலுக்கு லீவு கிடையாது!

டானிக் போதாது

வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள் ஊருக்கு வரும்போது, பெற்றோருக்குச் சத்து மாவு டப்பாவும் பழமும் வாங்கி வருகிறார்கள். வாங்கட்டும். ஆனால், டப்பா தனியாக வேலை செய்யாது.

இதையும் அதே டாக்டர்கள் சோதித்தார்கள். இந்தத் தடவை 100 முதியவர்கள். சராசரி வயது 87. சிலருக்குப் பயிற்சி மட்டும். சிலருக்குச் சத்துப் பானம் மட்டும். சிலருக்கு இரண்டும். சிலருக்கு இரண்டும் இல்லை.

10 வாரம் கழித்துப் பார்த்தார்கள். பயிற்சி செய்தவர்களுக்குப் பலம் இரு மடங்குக்கு மேல் ஆனது. அவர்கள் வேகமாக நடந்தார்கள், மாடிப்படி ஏறினார்கள். பானம் மட்டும் குடித்தவர்களுக்குத் தளர்ச்சி நீங்கவில்லை. இது 1994-ம் ஆண்டில் வெளிவந்தது.

அதற்காகச் சாப்பாட்டைக் குறைத்துவிடக் கூடாது. பருப்பு, பால், தயிர், முட்டை, மீன் என்று அவரவர் வழக்கப்படி சாப்பிட வேண்டும். "கிழவிக்கு ரசம் சாதம் போதும்" என்பது சரியல்ல. சதை வளர அதற்கும் தீனி வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

பாஸ்டனில் பக்கத்திலேயே டாக்டர்கள் இருந்தார்கள். அந்தக் கனமான எடைப் பயிற்சியை வீட்டில் தாமாக முயலக் கூடாது. எளிய வழிகள் இருக்கின்றன.

கை வைத்த, ஆடாத நாற்காலி ஒன்றைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். அதில் உட்கார்ந்து, மெதுவாக எழுந்து நின்று, மறுபடியும் மெதுவாக உட்கார வேண்டும். முதலில் 5 தடவை. கை ஊன்றித்தான் எழ முடிகிறதா? ஊன்றட்டும். நாளடைவில் ஊன்றாமல் எழப் பழகலாம். தாத்தாவுக்கு நாற்காலி எழுந்திருக்கத்தான்!

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கலாம். அதே கம்பியைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் சிறிது நேரம் நிற்கலாம். விழாமல் இருக்க இந்தப் பழக்கம் உதவும்.

நடையும் வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது சற்று விறுவிறுப்பாக நடக்கலாம் என்றும், 3 நாளாவது பலத்துக்கும் நிலை தவறாமைக்குமான பயிற்சி செய்யலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020-ம் ஆண்டில் சொன்னது. அவ்வளவு முடியாதவர்கள், முடிந்த அளவு செய்யலாம்.

முன்பெல்லாம் நம் வீடுகளில் தரையில் மணை போட்டுச் சாப்பிட்டார்கள். மூன்று வேளையும் உட்கார்ந்து எழுந்ததே ஒரு பயிற்சி. இப்போது மேஜை வந்துவிட்டது. முழங்கால் வலிக்காரர்களை மீண்டும் தரையில் உட்கார வற்புறுத்த வேண்டாம். முடிகிறவர்கள் அந்தப் பழக்கத்தை விட வேண்டாம்.

நெஞ்சு வலி, மயக்கம், அதிக மூச்சிரைப்பு உள்ளவர்களும், ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். பயிற்சியின்போது நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி கொடுப்பதும், தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-ந் தேதி தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

விழுந்துவிட்டால்?

வீட்டார் பெரியவர்களை உட்கார வைப்பதற்குக் காரணமே இந்தப் பயம்தான். பயம் நியாயமானது. இடுப்பு எலும்பு முறிந்தால் ஆபரேஷன், படுக்கை, மறுபடியும் தளர்ச்சி என்று துன்பம் நீளும்.

ஆனால், நடக்காமலே இருப்பவரும் ஒரு நாள் கழிவறைக்கு எழுந்து போகத்தான் வேண்டும். அன்று பலம் இழந்த கால் தாங்காது.

ஆகவே, வீட்டைத் திருத்துங்கள். குளியல் அறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடியுங்கள். ஈரத்தை உடனே துடையுங்கள். வழுக்குகிற மிதியடியை எடுத்துவிடுங்கள். இரவில் சிறிய விளக்கு ஒன்று எரியட்டும். தேய்ந்த செருப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, பிடிப்புள்ள செருப்பு வாங்கிக் கொடுங்கள்.

அந்தச் செருப்பை மாட்டிக்கொண்டு அப்பாவே கீரை வாங்கி வரட்டும். கீரை சற்று முற்றலாக வந்தாலும், அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.