கரித்தூளும் கிழங்கு மாவும் போட்ட கலர்!

உருளைக்கிழங்கை வச்சு என்ன பண்ணலாம் ப்ரெண்ட்ஸ்? பொரியல், போண்டா, சிப்ஸ்... போட்டோ?

கிண்டல் இல்லை, நிஜம். பிரான்ஸின் லூமியேர் சகோதரர்கள் 1907-ல் விற்பனைக்கு விட்ட 'ஆட்டோக்ரோம்' கலர் தகட்டின் ரகசியமே உருளைக்கிழங்கு மாவுதான். மாவுத் துகள்களுக்கு ஆரஞ்சு, பச்சை, ஊதா என்று தனித்தனியா சாயம் ஏத்தி, கலந்து, கண்ணாடி மேல ஒரே அடுக்காப் பரப்பிடுவாங்க. நடுவுல விழுற இடைவெளிக்கு? கரித்தூள்! (அனல் மின்நிலையத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிற அத்திப்பட்டுக்காரங்களுக்கு கரித்தூளைப் பத்தி நான் சொல்லணுமா?)

ஆல்பர்ட் கான் என்ற பிரெஞ்சு வங்கிக்காரர், உலகம் மாறிப்போறதுக்குள்ள அதைக் கலர்ல பிடிச்சு வச்சுடணும்னு 1909-ல் கிளம்பினார். நாடு நாடா ஆள் அனுப்பி சேர்த்தது சுமார் 72,000 தகடுகள். கம்போடியாவைப் படம் பிடிச்சவர் லியோன் புஸி. அங்கோர் கோயில்கள், ஜரிகை உடையும் உயரமான கிரீடமுமா அரண்மனை நடனப் பெண்கள்... எல்லாம் கலர்ல!

ஒரே சிக்கல், இந்தத் தகட்டில் படம் பதிய வெயில்லகூட ஒரு விநாடிக்கு மேல ஆகும். அசைஞ்சா போச்சு. அதனால படத்தில் யாரும் ஆடவில்லை. விரலை வளைச்சபடி, கோயில் சுவர் அப்சரஸ் மாதிரியே உறைஞ்சு நிற்கிறாங்க.

அந்தப் படங்களை மின்சார ரயிலில் மொபைலில் தள்ளிக்கிட்டிருந்தேன். எண்ணூரில் மீன் கூடையோட ஏறின அக்கா எட்டிப் பார்த்தாங்க.

"இன்னாம்மா, நம்ம கூத்துக்காரங்க கிரீடம் மாதிரி கீது?"

"கம்போடியாக்கா. இவங்களும் ராமாயணம்தான் ஆடுவாங்க. அங்க அதுக்குப் பேரு ரீம்கேர். அவங்க எழுத்துகூட நம்ம பல்லவர் எழுத்துலேர்ந்து வந்ததுதான்."

"இப்பவும் ஆடறாங்களா?"

கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் சொன்னேன். 1975-லிருந்து 1979 வரை நடந்த கெமர் ரூஜ் ஆட்சியில் அரண்மனைக் கலைஞர்களில் பெரும்பாலானவங்க செத்துப் போனாங்க. தப்பிச்ச சிலபேர் ஞாபகத்திலிருந்தே அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. 2003-ல் அந்த நடனத்தை யுனெஸ்கோ மனிதகுலத்தின் அரிய மரபுன்னு அறிவிச்சது.

ஆட்டோக்ரோமில் நெகட்டிவ் கிடையாது. ஒரு தகடு, ஒரே படம். உடைஞ்சா அவ்வளவுதான். வெளிச்சத்தில் ரொம்ப நேரம் வச்சாலும் சாயம் வெளுத்துடும். 1929 பங்குச்சந்தை சரிவில் கான் சொத்தையெல்லாம் இழந்தார். ஆனா தகடுகள் பிழைச்சுக்கிச்சு. பாரீஸ் பக்கத்துல அவர் பேர்லயே இருக்கிற மியூசியத்தில் பத்திரமா இருக்கு. இணையத்திலும் பார்க்கலாம்.

திருவொற்றியூர் வந்துடுச்சு. கூடையைத் தூக்கினபடி அக்கா சொன்னாங்க: "எங்க ஆயா போட்டோ ஒண்ணு ஊட்ல கீதும்மா. கறுப்பு வெள்ள. அது இன்னா கலரு பொடவைனு இப்ப ஒருத்தருக்கும் தெரியல."