பாக்கியாவும் வேலணைத் தாய்மாரும்

விஜய் தொலைக்காட்சியில் 2020 முதல் 2025 வரை ஒளிபரப்பான 'பாக்கியலட்சுமி', 2019இல் தொடங்கிய 'ஸ்ரீமொயீ' என்ற வங்காளத் தொடரின் தழுவல். மூன்று பிள்ளைகளின் தாயான பாக்கியா, வீட்டில் ஊதியமின்றிச் செய்த சமையலையே மசாலாத்தூள் விற்பனையாகவும் உணவு வழங்கும் தொழிலாகவும் மாற்றுகிறாள். கணவன் பிரிந்த பின்னும் அத்தொழிலே அவளை நிமிர்ந்து நிற்கச் செய்கிறது. வீட்டு வேலையும் உழைப்பே. ஆயினும் விலை கிடைத்த பின்னரே உலகம் அதனை உழைப்பென ஒப்புக்கொள்கிறது.

வேலணைத் தாய்மாருக்கு இது புதிய செய்தியன்று. போர் கணவரைப் பறித்த பின், பனையோலை இழைத்தும் கருவாடு காயவைத்தும் பிள்ளைகளைக் கரைசேர்த்தோர் தீவகத்தில் பலர். கதையில் வாடிக்கையாளர் விரைவிலேயே கிடைக்கின்றனர். இவர்களுக்கோ சந்தையும் முதலும் எட்டாதவை. முதல் தேடிய வடபுலப் பெண்கள் பலர் நுண்நிதிக் கடனில் சிக்கினர். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களுக்கு 2018இல் அரசு நிவாரணம் அறிவிக்க நேர்ந்தமையே அத்துயரின் அளவைக் காட்டும்.

கதாசிரியர் நினைத்தால் ஓர் அத்தியாயத்தில் விடிவு பிறக்கும். இங்கே அதற்குக் குறைந்த வட்டிக் கடனும் நிலையான கொள்வனவும் வேண்டும். 1978இல் உருவான பனை அபிவிருத்திச் சபையும் கூட்டுறவுச் சங்கங்களும் முன்னின்று ஆற்றவேண்டிய பணி அது.